வாவியில் இறக்கும் முன்னர் படகைச் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியிலும் அம்பாறை மாவட்டக் குளங்களிலும் சுற்றுலாப் படகுச் சேவைகளைப் பெருக்குவது குறித்துத் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியுடன் வாசித்தேன். இறங்குதுறை, உயிர்காப்பு அங்கி, கட்டணம் ஆகியவற்றை விரிவாகப் பேசிய அக்கட்டுரை, ஒரு நீர்நிலையில் ஓடிய படகை வாகனத்தில் ஏற்றிச் சென்று இன்னொன்றில் இறக்கும்போது அதனோடு சேர்ந்து எவையெல்லாம் வந்து இறங்குகின்றன என்பதைக் குறிப்பிடவில்லை. அதை எடுத்துக்கூறவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனது மகளும் மருமகனும் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வசிக்கிறார்கள். கடந்த கோடையில் அவர்கள் தமது சிறிய பாய்ப்படகை ட்ரெயிலரில் ஏற்றி, பாய்மரத்தைக் கழற்றிப் படகின் மேலேயே நீளவாக்கில் கட்டி, காரின் பின்னால் இழுத்துக்கொண்டு அந்நாட்டின் மேற்குப் பகுதித் தேசியப் பூங்காக்களைச் சுற்றிவந்தார்கள். முதலில் யெலோஸ்டோன் ஏரி, பின்னர் கிராண்ட் டீட்டன் பூங்காவின் ஜக்சன் ஏரி, கடைசியாகத் தெற்கே யூட்டா, அரிசோனா எல்லையிலுள்ள பவல் நீர்த்தேக்கம் என்று அவர்கள் வகுத்துக்கொண்ட வரிசைக்கு ஒரு காரணம் இருந்தது. பவல் நீர்த்தேக்கத்தில் குவாகா எனப்படும் அந்நியச் சிப்பி பெருகிக் கிடக்கிறது. வடக்கே உள்ள அவ்விரு ஏரிகளும் அதிலிருந்து இன்னும் தப்பியிருக்கின்றன. ஆகவே தொற்றில்லாத நீரில் முதலிலும் தொற்றுள்ள நீரில் இறுதியிலும் படகை இறக்குவது என்று அவர்கள் முன்கூட்டியே தீர்மானித்திருந்தார்கள்.

யெலோஸ்டோன் ஏரி ஏறத்தாழ 2,350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நமது பீதுருதாலகாலையின் உச்சி அதைவிடச் சிறிதளவே உயர்ந்தது. பரப்பளவில் அது மட்டக்களப்பு வாவியைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரியது. அங்கே பாய்ப்படகை இறக்க வேண்டுமானால், அது அதற்கு முன்னர் 30 நாட்கள் நீரில் படாமல் உலர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. பாய்ப்படகின் அடியில் நடுப்பலகை ஏறி இறங்கும் இடுக்கிலும் உட்புறப் பள்ளங்களிலும் தங்கும் நீரைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பது கடினம் என்பதாலேயே இத்தனை கண்டிப்பு. அவ்விரு ஏரிகளும் அமைந்துள்ள வயோமிங் மாநிலத்துக்குள் மார்ச் மாதத் தொடக்கம் முதல் நவம்பர் இறுதிவரை கொண்டுவரப்படும் எந்தப் படகும் சோதிக்கப்பட்ட பின்னரே நீரில் இறங்கலாம். சோதித்த படகை ட்ரெயிலரோடு சேர்த்துக் கம்பியால் முத்திரையிடுவதும் அங்கு வழக்கம். முத்திரை அறுந்திருந்தால் சோதனை மீண்டும் தொடங்கும். சந்தேகத்துக்குரிய படகுகளை 60 பாகை செல்சியஸ் சூடான நீரால் கழுவுகிறார்கள். டீட்டன் மலைகளின் அடிவாரத்தில் பாய் விரித்து ஓடிய மாலைப்பொழுதைப் பற்றி மகள் மனம் நிறைந்து எழுதியிருந்தாள். ஆனால் எனது எண்ணமெல்லாம் அந்தச் சோதனைச் சாவடிகளையே சுற்றிக்கொண்டிருந்தது.

இவ்வளவு கவனம் அமெரிக்கர்களுக்கு இழப்பின் பின்னரே வந்தது. உக்ரேனின் டினீப்பர் ஆற்றுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட இச்சிப்பி, 2007 ஜனவரியில் நெவாடா, அரிசோனா எல்லையிலுள்ள மீட் நீர்த்தேக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. கட்டைவிரல் நகமளவே உள்ள அது, நீர்க்குழாய்களின் உட்புறத்தில் அடுக்கடுக்காக ஒட்டி அவற்றை அடைத்துவிடும். அதன் குஞ்சுகளோ கண்ணுக்கே தெரியாதவை. 2023 செப்டெம்பரில் ஐடஹோவின் ஸ்னேக் ஆற்றிலும் அது காணப்பட்டபோது, செம்பு கலந்த மருந்தை ஆற்றில் விட வேண்டியதாயிற்று. அதனால் அங்கிருந்த மீன்களும் பெருந்தொகையாக மடிந்தன. யெலோஸ்டோன் ஏரிக்கும் பழைய காயம் ஒன்று உண்டு. யாரோ கொண்டுவந்து விட்ட ஏரி ட்ரவுட் என்னும் பெரிய இன மீன் 1994 இல் அங்கு பிடிபட்டது. அது சுதேச மீன்களை விழுங்கிப் பெருகியது; சுதேச மீன்கள் முட்டையிட ஓடைகளில் ஏறும்போது அவற்றைப் பிடித்துண்ட கரடிகளும் பறவைகளும் அவ்வுணவை இழந்தன. அன்று தொடங்கிய வலைவீச்சு இன்றும் ஓயவில்லை.

குவாகா சிப்பி நமது பிரச்சினை அல்ல. நமது பிரச்சினை ஆற்றுவாழை, சல்வீனியா என்னும் நீரில் மிதந்து பரவும் களைகளாகும். ஆற்றுவாழையைக் கட்டுப்படுத்த இலங்கையில் 1909 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சல்வீனியா 1939 இல் கொண்டுவரப்பட்டது. இன்று கிட்டங்கிப் பாலத்தருகே நின்று பார்ப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நாவிதன்வெளி மக்கள் கல்முனைக்குச் செல்லும் அந்த வழியில், ஆற்றுவாழை நீரையே மறைத்துக் கிடக்கும் காட்சியை மழைக்காலந்தோறும் காண்கிறோம். முகத்துவாரம் வெட்டப்பட்டுக் கடல்நீர் ஏறும்போது வாவியின் வடபகுதியில் உப்பு அதனை அடக்குகிறது. தெற்கே நன்னீர் கூடிய பகுதிகளில் அந்தக் காவல் இல்லை. வேரோடு கூடிய ஒரு சிறு துண்டு, தோணியின் அணியத்திலோ இயந்திரத்தின் விசிறியிலோ ஈரவலையின் மடிப்பிலோ ஒட்டிச் சென்றால் போதும், ஒரு குளம் முழுவதும் பரவிவிடும்.

இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தின் தீவுகளுக்கிடையே யானைகள் நீந்துவதைக் காணப் படகுகள் ஓடுகின்றன. பொத்துவில் களப்பிலும் ஓடுகின்றன. இனி உன்னிச்சையிலும் ஓடலாம். சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து நீர் பாயும் கல்லோயாத் திட்ட வயல்களின் வடிகால் நீர் நமது வாவியின் தென்பகுதியை வந்தடைகிறது என்பதால், மேலே ஒரு குளத்தில் நேரும் தவறு கீழே மண்டூரிலும் அம்பிளாந்துறையிலும் வாவியைக் கடக்க மிதவைப் பாதைச் சேவையை நம்பியிருப்பவர்களின் தலையில் விடியும்.

ஒரே வாவியில் நாள்தோறும் தொழில் செய்யும் மீனவரின் தோணிக்கு எந்தப் புதிய கட்டுப்பாடும் வேண்டியதில்லை. அவர்களை அலைக்கழிக்கும் விதியை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு வாகனத்தில் கொண்டுசெல்லப்படும் படகுகளுக்கும் வலைகளுக்கும் மட்டுமே இதனைக் கேட்கிறேன். படகின் அடைப்பைக் கழற்றி நீரை முழுவதும் வடித்தல், ஒட்டியுள்ள தாவரங்களைக் கையால் அகற்றுதல், கழுவிய நீர் மீண்டும் குளத்துக்குள் ஓடாதவாறு தரையிலேயே சுவறவிடுதல், பின்னர் வெயிலில் நன்கு காயவைத்தல் ஆகியவை போதும். இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. இறங்குதுறையில் ஒரு நீர்க்குழாயும், பொறுப்பான ஒருவரும், நமது சித்திரை வெயிலும் இருந்தால் நடக்கக்கூடிய காரியம் இது. அப்பொறுப்பை அந்தந்த இடத்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் கொடுத்து, படகுக் கட்டணத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கினால், நீரை அறிந்தவர்களிடமே காவலும் இருக்கும்.

இரு மாவட்டங்களிலும் புதிய படகுச் சேவைகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகள் இந்நிபந்தனையை அனுமதிப்பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். எதிர்வரும் மாரிக்கு முன்னர் அது நடைமுறைக்கு வருமா என்பதைத் தங்கள் பத்திரிகை அவர்களிடம் கேட்டு, பதிலை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.