ஆர்ச்சி பிறந்த ஊரிலிருந்து

பிரிஸ்டல், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை. கேட்காத பாதிக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிடுகிறீர்கள். போன வாரம் "குன்னூர் ரோட்டில் மண்சரிவாமே?" என்று கேட்டதற்கும் "சரிம்மா" என்றுதான் பதில் வந்தது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

குளிரைப் பற்றி அம்மா கவலைப்படுகிறாராம். புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்க, அதை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவளுக்கு இது ஒரு குளிரா! கஷ்டம் இருட்டுதான். இந்த மாதத்தில் நாலு மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டும். டியூட்டிக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. மற்றபடி ஊர் நம்ம ஊர் போல மேடும் பள்ளமும்தான். பார்க் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு இருக்கிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டுக்கு ஏறுவது போலவே மூச்சு வாங்கும். டீயைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கப்பில் பையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, நிறம் இறங்குவதற்குள் பாலை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பார்த்தால் கப்பைப் பிடுங்கிக் கொட்டிவிடுவீர்கள்.

மனிதர்கள் நல்லவர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் டிரைவரைப் பார்த்து "சியர்ஸ், டிரைவ்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். வந்த புதிதில் வார்டில் எண்பது வயசுப் பாட்டி ஒருவர் என்னைப் பார்த்து "ஆல்ரைட், மை லவ்வர்?" என்றார். கையிலிருந்த மாத்திரைத் தட்டு நழுவப் பார்த்தது. அப்புறம்தான் தெரிந்தது, இங்கே அது நம்ம ஊர் "என்ன கண்ணு" மாதிரி.

இந்தக் கடிதத்துக்கே அந்தப் பாட்டிதான் காரணம். காலையில் தலை வாரி, உதட்டுச் சாயம் பூசிவிட்டால்தான் மாத்திரைக்கு வாயைத் திறப்பார். எதற்கு இந்த அலங்காரம் என்று ஒருநாள் கேட்டேன். "கேரி கிராண்ட் வந்து நின்றால்?" என்றார். யார் அது என்றேன். எம்.ஜி.ஆர். யார் என்று உங்களிடம் யாராவது கேட்டால் எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து தேடினால், அட, இவர்! ஊட்டி அசெம்ப்ளி ரூம்ஸில் பார்த்த படம் என்று நீங்கள் ஆயிரம் தடவை சொன்ன, வெட்டவெளியில் விமானம் துரத்த ஓடுகிற ஹாலிவுட் ஹீரோ. "அத்தனை தூசியிலும் கோட்டு கசங்கலைம்மா" என்பீர்களே, அவரேதான். அந்தப் படம் வந்த 1959-ல் அவருக்கு ஐம்பத்தைந்து வயசு. பிறந்தது இந்த ஊரில்தான், 1904-ல். நிஜப் பேர் ஆர்ச்சிபால்ட் லீச், வீட்டில் ஆர்ச்சி. கோட்டுக்குப் பேர்போன அவருடைய அப்பாவுக்கு என்ன வேலை தெரியுமா? துணித் தொழிற்சாலையில் இஸ்திரி போடுவது.

இப்போது ஊர் நடுவே மில்லேனியம் ஸ்கொயரில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். பாட்டிக்காக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "மூக்கு சரியாக வரவில்லை" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பா, எண்பதுகளில் நீங்கள் லவ்டேலுக்கும் கேத்திக்கும் ஷூட்டிங் யூனிட்டுகளுக்கு டீ கேன் தூக்கிக்கொண்டு போன நாட்களை எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். விருந்தாளி யார் வந்தாலும் கேத்தி ஸ்டேஷனில் நிறுத்தி, "மூன்றாம் பிறை கடைசிக் காட்சி இங்கேதான்" என்று காட்டாமல் விடமாட்டீர்கள். அப்போது நீங்கள் சொல்வது ஒன்று உண்டு: "நடிகன் எப்படின்னு டைரக்டரைக் கேட்காதே, லைட்மேனைக் கேளு. டீ குடிக்கும்போது பாரு." ஒரு ஹீரோ பத்திரிகைக்காரர் இருக்கும்வரை சிரித்துவிட்டு, ஜீப் கிளம்பியதும் சுவிட்சை அணைத்தது போலச் சிரிப்பை நிறுத்தினாராம். பேர் தெரியாத ஒரு வில்லன் நடிகர் குடித்த கண்ணாடி டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாராம். இந்த ஆர்ச்சியை நான் உங்கள் கண்ணால்தான் பார்த்தேன். லீவு நாளில் நூலகத்துக்குப் போய், கூட வேலை பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன்.

முதலில் சிறுத்தைக் கதை. 1938-ல் கேத்தரின் ஹெப்பர்னோடு நடித்த ஒரு நகைச்சுவைப் படத்தில் பழக்கப்பட்ட சிறுத்தை ஒன்றும் உண்டு. அந்த அம்மாவுக்குப் பயமே இல்லை, நம்ம ஆளுக்கு உதறல். அவருடைய மேக்கப் அறை மேல்திறப்பு வழியாக ஒரு பொம்மைச் சிறுத்தையை உள்ளே போட்டாராம் அந்த அம்மா. மின்னல் மாதிரி வெளியே பாய்ந்தார் என்று அந்த அம்மாவே பிற்பாடு சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். குப்பைத்தொட்டிப் பக்கம் சிறுத்தையைப் பார்த்த குன்னூர்க்காரர்கள் யாரும் அவரைக் குறை சொல்லமாட்டோம். அந்த அம்மாவோடு மட்டும் நாலு படம் நடித்தார். கேலி செய்தால் முகம் சுளிக்கிற ஆளோடு யாரும் நாலு படம் நடிப்பார்களா?

இன்னொன்று பாரிஸில் நடந்தது. ஆட்ரி ஹெப்பர்னோடு நடிக்க வேண்டிய படம், அதற்கு முன்பு இருவருக்கும் அறிமுகமில்லை. அறிமுக விருந்திலேயே பதற்றத்தில் அந்தப் பெண்ணின் கை பட்டு, சிவப்பு ஒயின் முழுதும் அவருடைய வெளிர்நிறக் கோட்டில் கொட்டிவிட்டது. அவர் கோட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கறை தானாகப் போய்விடும் என்பது போலப் பேச்சைத் தொடர்ந்திருக்கிறார். மறுநாள் அவரே ஒரு டப்பா கேவியரும் சீட்டும் அனுப்பி, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாராம். கேவியர் என்றால் மீன்முட்டை, தங்க விலை. போன மாதம் நானும் ஒரு தாத்தாவின் சட்டையில் சூப்பைக் கொட்டினேன். கேவியர் வரவில்லை. வார்டு சிஸ்டரிடம் புகார்தான் போனது.

அந்தப் படத்தின்போது அவருக்கு அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பெண்ணுக்கு முப்பத்து சொச்சம். பெண்ணை நான் துரத்துவது போல வைத்தால் அசிங்கம் என்று சொல்லி, அவள்தான் தன்னைத் துரத்துகிறாள் என்று வசனத்தை மாற்ற வைத்தார். நம்ம ஹீரோக்கள் சிலருக்கு இதை யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்தால் தேவலை.

ஆனால் அவரை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஹிட்ச்காக்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற டைரக்டர்களுக்கு அந்தச் சிரிப்பு வெறும் அழகு. இவர் அதே சிரிப்பைச் சந்தேகப்பட வைத்தார். 1941-ல் வந்த படம், புருஷன் தன்னைக் கொல்லப் போகிறானோ என்று பெண்டாட்டி பயந்துகொண்டிருக்கிறாள். ராத்திரி. அவன் ஒரு தட்டில் பால் டம்ளரோடு மாடிப்படி ஏறி வருகிறான். படிக்கட்டெல்லாம் நிழல், பால் மட்டும் பளிச்சென்று வெள்ளை. அந்தப் பாலுக்குள் ஹிட்ச்காக் ஒரு சின்ன பல்பை வைத்திருந்தாராம்! உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். பல்பு வைத்தது பாலில்தான். ஆனால் மெதுவாக, அவசரமே இல்லாமல் ஏறி வருகிறாரே, அந்த நடை அவருடையது. பதினாறு வயசில் கழைக்கூத்தாடிக் கோஷ்டியோடு கப்பலேறி அமெரிக்கா போனவர், கரணம் அடித்து, பொய்க்கால் கட்டி நடந்து பழகிய உடம்பு. விழுவது போல நடித்தாலும் சரி, கொலைகாரன் போல நடந்தாலும் சரி, அந்தக் காலுக்குக் கணக்குத் தெரியும்.

கஞ்சன் என்றும் ஒரு பேர் உண்டு அவருக்கு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதே ஆள் 1940-ல் ஒரு படத்தின் முழுச் சம்பளத்தையும் பிரிட்டிஷ் போர் நிவாரண நிதிக்குக் கொடுத்திருக்கிறார். எதை வைத்து எடை போடுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விருது விஷயத்தில் அவர் கதை நம்ம நாகேஷ் கதைதான். சிரிக்க வைத்தவனை எவன் மதிக்கிறான் என்று நீங்கள் அங்கலாய்ப்பீர்களே. நாகேஷுக்குத் தேசிய விருது வந்தது எதற்கு, 'நம்மவர்' படத்தில் மகளை இழந்து நின்றதற்கு. இவரும் ஆஸ்கருக்கு இரண்டே முறை பரிந்துரைக்கப்பட்டார். இரண்டும் கண்ணீர் வேஷங்கள், இரண்டிலும் கிடைக்கவில்லை. நடிப்பை விட்டு நாலு வருஷம் கழித்து, 1970-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். சுலபமாகச் செய்கிற மாதிரி செய்தால் அது வேலை என்றே யாருக்கும் தெரிவதில்லை போலிருக்கிறது.

பேட்டி எடுத்தவர்கள் பாடுதான் பாவம். திண்ணை வரை வரவேற்று, உட்காரவைத்து, காபி கொடுத்து, சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார். வீட்டுக் கதவு திறக்காது. வயசு கேட்டு ஒரு பத்திரிகைக்காரர் "ஹவ் ஓல்ட் கேரி கிராண்ட்?" என்று தந்தி அடித்தாராம். "ஓல்ட் கேரி கிராண்ட் ஃபைன். ஹவ் யூ?" என்று பதில் போனதாம். நடக்காத கதை என்றும் சொல்கிறார்கள், இருக்கட்டும். ஆளுக்குப் பொருந்துகிறது. எல்லோரும் கேரி கிராண்டாக இருக்க ஆசைப்படுகிறார்களே என்று கேட்டதற்கு, "நானும்தான்" என்றாராம். கூட நடித்தவர்கள் ஒயினையும் சிறுத்தையையும் சொல்கிறார்கள். பேட்டி எடுத்தவர்களிடம் இருப்பது இந்த மாதிரி ஒற்றை வரிகள்தான். லைட்மேனைக் கேளு என்று நீங்கள் சொன்னது சரிதான் அப்பா.

லைட்மேன் என்றதும் ஞாபகம் வருகிறது, ஆர்ச்சியே பையனாக இருந்தபோது இங்கே ஒரு நாடக அரங்கில் விளக்குப் பிடித்தவன். மந்திரவாதி ஒருவருடைய வித்தையின்போது ஒளி தவறி, மேஜைக்குக் கீழே மறைத்திருந்த கண்ணாடியில் பட்டு, குட்டு வெளிப்பட்டது. பையனின் வேலையும் போனது.

அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்பது போன மாதம்தான் எனக்குப் புரிந்தது. இரண்டு நாள் பயிற்சிக்கு கிளென்சைட் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்தின் நர்சிங் வகுப்பெல்லாம் அங்கேதான். பழைய கல் கட்டடம். மதியம் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தால், ஒரு காலத்தில் அது மனநோய் மருத்துவமனை. உள்ளே இருந்த சர்ச்சை இப்போது அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அங்கேதான் ஆர்ச்சியின் அம்மா எல்சி இருந்திருக்கிறார். ஒருநாள் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறான், அம்மாவைக் காணோம். கடற்கரை ஊருக்கு ஓய்வெடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். அப்புறம் இறந்துவிட்டாள் என்று நம்ப விட்டார்கள். அவன் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், அதே ஊரில், பஸ்ஸில் போகிற தூரத்தில் அம்மா உயிரோடு இருந்திருக்கிறாள். அவனுக்கு முப்பது தாண்டி, உலகமே அறிந்த நடிகனான பிறகுதான் உண்மை தெரிந்தது. வெளியே கொண்டுவந்து, இதே ஊரில் வீடு பார்த்து வைத்தார். அந்த அம்மா 1973 வரை இருந்தார். மகன் கடல் தாண்டி வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு மதியம் வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ரொட்டியும் கையிலேயே இருந்தது. வார்டுக்கு மகன், மகள் என்று பார்க்க வருகிறவர்கள் பெட்டைத் தேடி நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அந்தப் பையன் ஞாபகம்தான்.

பாட்டி போன வாரம் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் கன்னத்தைக் கிள்ளி, உதட்டுச் சாயக் குச்சியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டார். வாங்கக் கூடாது என்று விதி. சிஸ்டரிடம் சொல்லி எழுதி வைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் லீவு கிடைத்துவிட்டது. டிக்கெட் போட்டுவிடுகிறேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலை ரயிலிலேயே வருகிறேன். கார் அனுப்பாதீர்கள். வர்க்கி இப்போதே வாங்கி வைத்து நமுத்துப்போக விடவேண்டாம்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். ஆர்ச்சிக்கு வயசாகித் தலை நரைத்த பிறகு ஒருமுறை ஊருக்கு வந்தபோது, எல்சியம்மா அவர் தலையைப் பார்த்துவிட்டு, சாயம் போடேன் என்றாராம். ஏன் என்றதற்கு, உன் நரையைப் பார்த்தால் எனக்கு வயசானது தெரிகிறதே என்றாராம். போன ஞாயிறு வீடியோவில் என் வகிட்டைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னதும் அட்சரம் பிசகாமல் இதுதான். டை அடித்துக்கொண்டே வருகிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்னப்பொண்ணு