டிசம்பரில் பிறந்த பிள்ளை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

பொங்கலன்று பேசும்போது உன் குரல் சரியில்லை. உன் மகன், நம் தம்பியின் பெயர் அந்த ஐஸ் ஹொக்கிப் பட்டியலில் இல்லை என்பதை இரண்டு மூன்று தரம் சொல்லிவிட்டு உடனே வேறு கதைக்குப் போய்விட்டாய். ஃபோனில் இதை ஒழுங்காகக் கதைக்க முடியாது. பாதியில் அம்மா வாங்கிவிடுவா, பிறகு அவன் என்ன சாப்பிட்டான் என்ற விசாரணைதான். அதனால் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து ஆறுதலாக இருந்து வாசி.

வட அமெரிக்காவின் மேல்மட்ட ஹொக்கி லீக்கான என்.எச்.எல் அமைப்பின், இளம் வீரர்களை நோட்டமிடும் ஸ்கவுட்டிங் பிரிவு ஜனவரியில் விடுகிற அந்தப் பட்டியல், இந்த 2026 ஜூனில், அணிகள் இளம் வீரர்களைத் தெரிவு செய்கிற ட்ராஃப்ட்டுக்குத் தகுதி பெறும் பிள்ளைகளுக்கானது. செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்ப வேண்டும். தம்பி பிறந்தது 2008 டிசம்பர். அவனுடைய முறை 2027 ஜூனில்தான். இந்த விதி உனக்கும் மருமகனுக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. அவனோடு ஒரே வருஷத்தில் பிறந்து, சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சறுக்கின பிள்ளைகளின் பெயர்கள் வந்துவிட்டன. அவர்களுடைய தாய்மாரோடுதான் நீ குளிரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இத்தனை ஆட்டங்கள் பார்த்தாய். அந்த நோவு எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த ஒரு வருஷத்தை நீ நட்டக் கணக்கில் எழுதுகிறாய், நான் வரவில் எழுதுகிறேன்.

கனடாவில் பிள்ளைகளின் ஹொக்கிக்கு வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஏழு வயதில் ஒரு வயது வித்தியாசம் என்பது சின்ன விஷயமா? உயரமாக, பலமாக நிற்கிற பிள்ளையைத்தான் கோச்மார் கெட்டிக்காரன் என்று மேல் அணிக்கு எடுப்பார்கள். அங்கே அவனுக்கு நல்ல பயிற்சியும் கூடுதலான ஐஸ் நேரமும் கிடைக்கும், இரண்டு வருஷத்தில் அவன் உண்மையாகவே கெட்டிக்காரன் ஆகிவிடுவான். ரொஜர் பார்ன்ஸ்லி என்ற கனேடிய உளவியலாளர் 1980-களிலேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார். தம்பி முதன்முதலில் உடுப்புப் போட்டு நின்ற படத்தை எடுத்துப் பார், ஹெல்மெட்டுக்குள் முகத்தைத் தேட வேண்டியிருக்கும். பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் தோளுக்குத்தான் வருகிறான்.

சின்னம்மாவின் இளையவன் வந்தாறுமூலை கம்பஸிலிருந்து எனக்கு ஒரு கட்டுரை எடுத்துத் தந்தான். 2013-இல் வந்தது. 1980 முதல் 2007 வரை என்.எச்.எல் அணிகள் தெரிவு செய்த கனேடிய வீரர்களின் பிறந்த மாதத்தைப் பார்த்திருக்கிறார்கள். 36 வீதம் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் 14.5 வீதம்தான். அந்த இடத்தில் எனக்கும் வயிறு கலங்கியது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. வருஷத்தின் பின்பாதியில் பிறந்தவர்களை அணிகள் அவர்களுடைய ஆட்டத்துக்கு உரிய இடத்தைவிட 40 இடத்துக்கு மேல் பிந்தித்தான் எடுத்திருக்கின்றன. அப்படி எடுபட்டவர்களோ, 400 ஆட்டம் ஆடுவது, 200 புள்ளி எடுப்பது போன்ற எல்லைகளைத் தொடும் வாய்ப்பில் ஜனவரிப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னால் நிற்கிறார்கள். அந்தப் பகுதியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

என் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. வெபர் மைதானத்தில் வலயப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், 15 வயதுக்குட்பட்ட பிரிவில் ஓடினதெல்லாம் வென்று, 17-இல் காணாமல் போன பிள்ளைகள் எத்தனை பேர். அவர்களுக்கு மீசை முதலில் முளைத்தது, அவ்வளவுதான். முதற்சுற்று ஹீற்றிலேயே நாலாவதாக வந்துவிட்டு அடுத்த நாள் எல்லாருக்கும் முதல் மைதானத்தில் நிற்கிற பிள்ளையைத்தான் நான் குறித்துவைப்பேன். பெரியவர்களுக்கு நடுவில் சின்னவனாக வளர்ந்த பிள்ளைக்குப் பலம் கைகொடுக்காது. அவன் முந்திப் பார்க்கவும் முந்தி யோசிக்கவும் பழகித்தான் ஆகவேண்டும். இப்போது தம்பி ஆறடிக்கு மேல் வந்துவிட்டான். அந்த யோசனை எங்கும் போகவில்லை, உடம்பு இப்போதுதான் வந்து சேர்கிறது. ட்ராஃப்ட் வருஷத்தில் முதன்முறையாக அவன் தன் பிரிவில் மூத்த பிள்ளையாக நிற்கப் போகிறான். இதைக் கொஞ்சம் நினைத்துப் பார், மகள்.

வெள்ளிக்கிழமை உங்கள் இரவு ஏழு மணி ஆட்டம் எனக்குச் சனிக்கிழமை விடிய ஐந்தரை. அம்மா தேத்தண்ணி வைத்துத் தருவா, நான் கொப்பியோடு இருப்பேன். கோல், அசிஸ்ட் ஒன்றும் எழுதுவதில்லை, அதையெல்லாம் யாராவது எழுதுவார்கள். போன கிழமை ஆட்டத்தில் அவனால் ஒரு கோல் போனது என்று நீ கவலைப்பட்டாய். அதை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

இரண்டாம் பகுதியில் எதிரணி பக்கை, அந்த ரப்பர் வட்டை, நம் மூலைக்கு அடித்துவிட்டு இரண்டு பேராக விரட்டி வந்தது. தம்பி திரும்பிச் சறுக்கி வலைக்குப் பின்னால் எடுத்தான். தோளுக்கு மேலால் ஒரு பக்கம் மட்டும் பார்த்தான். மற்றப் பக்கத்தால் வந்தவன் இவனுடைய ஸ்டிக்கைத் தூக்கிவிட்டுப் பறித்தான், கோல். கோச் அவனை வாங்கில் இருத்தினார். அது நடந்ததுதான். ஆனால் மூன்றாம் பகுதி முடிகிற நேரம் மறுபடி இறக்கினார்களே, அதை நீ பார்த்தாயா? அதே மூலை, அதே மாதிரியான பக், அதே இரண்டு பேர். இந்த முறை பக்கைத் தொட முதலே தலை இடப்பக்கம் ஒரு தரம், வலப்பக்கம் ஒரு தரம் திரும்பியது. இடுப்பை இடப்பக்கம் சாய்த்துக் காட்டினான். வந்தவன் அந்தப் பக்கம் இழுபட்டதும் வலப்பக்கத்தால் வெளிப்பட்டு, நடுவில் நின்ற சென்ரர் ஆட்டக்காரனின் ஸ்டிக்குக்கு நேராகக் கொடுத்தான். பயந்த பிள்ளை என்றால் அதைக் கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளியிருக்கும், யாரும் குறை சொல்லவும் மாட்டார்கள். இவன் பிழைத்த இடத்திலேயே, பிழைத்த அதே வேலையைத் திருத்திச் செய்தான். புள்ளிப் பட்டியலில் இதற்கு இடமில்லை. நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், அம்மாவைக் கூப்பிட்டும் காட்டினேன்.

தம்பி மாதிரிப் பின்வரிசை ஆட்டக்காரன் முற்றப் பிந்தும். முன்வரிசைக்காரன் பிழைவிட்டால் அவனுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது, பின்வரிசைக்காரனுக்குப் பின்னால் கோல் காக்கிறவன் மட்டும்தான். எதிரே வருகிறவனுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது, எப்போது பின்னோக்கிச் சறுக்குவதை விட்டுத் திரும்புவது என்பதெல்லாம் ஆடி ஆடித்தான் உடம்பில் ஊறும். மார்க் ஜோர்டானோவை மருமகனிடம் கேள். ரொறன்ரோப் பிள்ளை, தம்பி ஆடுகிற இதே ஒன்ராறியோ லீக்கில் ஆடினவர். ட்ராஃப்ட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. இடையில் ஒரு பருவம் ரஷ்யாவுக்கே போய் ஆடினார். 2019-இல், 35 வயதில், அந்த ஆண்டின் சிறந்த பின்வரிசை வீரருக்கான நோரிஸ் கோப்பையை வாங்கினார். 1999 ட்ராஃப்ட்டையும் பார். முதல் இடத்தில் எடுத்த பற்றிக் ஸ்டெஃபான் பெரிதாக எழும்பவில்லை. அதே வருஷம் 210-ஆவதாக எடுத்த ஹென்றிக் செற்றர்பேர்க் பிறகு டெற்றோய்ற் அணியின் தலைவர் ஆனார். ஒரு வருஷத்தில் 32 அணிகள் ஏழு சுற்றில் 224 பேரை எடுக்கின்றன. அந்த 224 பேரில் பெரும்பாலானவர்களுக்கு மேலே நிலையான இடம் கிடைப்பதில்லை. எடுபட்டாலும் தம்பி முதலில் என்.எச்.எல்-க்கு ஒரு படி கீழான ஏ.எச்.எல் லீக் பக்கம் பஸ்ஸில் திரிந்துதான் ஏற வேண்டியிருக்கும். 17 வயதுப் பட்டியலுக்கு இவ்வளவுதான் கனம்.

எங்கள் ஆட்கள் சிலர் உன்னிடம், பனிக்கட்டி விளையாட்டு நமக்கு எதற்கு என்று கேட்பது எனக்குத் தெரியும். இங்கே கோயிலடியில் என்னிடமும் கேட்கிறார்கள். மட்டக்களப்பில் கூடைப்பந்தை வளர்த்தது அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைப் பாதிரிமார். வெபர் அடிகளாரின் பெயரில் நாங்கள் மைதானமே வைத்திருக்கிறோம். இன்றைக்கு அதை அந்நிய விளையாட்டு என்று இங்கே யார் சொல்கிறார்கள்? பிரிட்டிஷ் கொலம்பியாவின் சரே நகரப் பஞ்சாபிப் பிள்ளை அர்ஷ்தீப் பெயின்ஸையும் ட்ராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. 2021–22-இல் மேற்கு ஜூனியர் லீக்கில் 112 புள்ளியோடு எல்லாருக்கும் மேலே வந்தார். வன்கூவர் ஒப்பந்தம் கொடுத்தது, 2024-இல் என்.எச்.எல் ஐஸில் இறங்கினார். கேட்கிறவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்.

இனி படிப்பு. இதில் அப்பா விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூனியர் லீக்கில் ஆடுகிற ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருஷப் படிப்புச் செலவை அந்த லீக் தருகிறது. அது ஒன்று. மற்றது, முன்பு இந்த லீக்கில் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கிக்குக் கதவு அடைபட்டது. 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள், 2025 ஓகஸ்டிலிருந்து கதவு திறந்துவிட்டது. பிந்தி முற்றுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. 22, 23 வயது வரை படித்துக்கொண்டே ஆடலாம், உடம்பையும் கட்டலாம். ஆனால் அந்தக் கதவுக்குள் போக உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். பஸ்ஸில் பாதி நாள் போகிறது, கணிதத்தை விட்டுவிடட்டுமா என்று அவன் கேட்டானாம், நீ யோசிக்கிறேன் என்றாயாம். யோசிக்காதே. விடக்கூடாது. வேண்டுமானால் ஞாயிறு இரவில் நானே வீடியோவில் இருந்து சொல்லிக்கொடுக்கிறேன், திரிகோண கணிதம் இன்னும் கைவசம் இருக்கிறது.

மருமகனுக்கும் ஒரு சொல். அவர் நல்ல மனிதர், விடிய நாலு மணிக்கு எழுந்து பிள்ளையை அரங்குக்கு ஏற்றிப் போன தகப்பன். ஆட்டம் முடிந்த உடனே ஆட்டத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்கச் சொல். பிழை பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். பசிக்கிறதா என்று கேட்டால் போதும். அவனாகவே தொடங்கினால் காது கொடுக்கட்டும்.

தலையில் அடிபட்டால் மறைக்கக்கூடாது என்று நீ அவனுக்கு அடிக்கடி சொல். இடத்தை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் பிள்ளைகள் சும்மா தலையிடி என்று சொல்லித் தப்புவார்கள். அடி விழுந்த அன்றே வெளியே எடுத்து மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும். ஆட்டத்துக்காக அவன் தங்கியிருக்கிற வீட்டு அம்மாவிடமும் சொல்லிவை, அவதான் காலையில் அவன் முகத்தைப் பார்க்கிறவ. நம் வீட்டு அம்மா இதற்காகவே மாமாங்கத்துப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறா.

தம்பியிடம் ஒன்று கேட்டு எழுது. அவன் வலக்கையன், ஆனால் இரண்டு ஆட்டமாக இடப்பக்கத்தில் நிறுத்துகிறார்கள். கோச் சொல்லியா, யாருக்கும் காயமா? வலக்கைப் பின்வரிசைக்காரருக்குத் தட்டுப்பாடு என்று எல்லா இடத்திலும் வாசிக்கிறேன், ஆகையால் இரண்டு பக்கமும் ஆடப் பழகுவது அவனுக்கு நல்லதுதான். ஆனால் அவனுக்கு எது இலகு என்று அவன் வாயால் கேட்க ஆசை.

பெப்ரவரி, மார்ச் அட்டவணையை அனுப்பு. மார்ச் இரண்டாம் ஞாயிறு உங்கள் மணிக்கூடு மாறும், அதற்குப் பிறகு இங்கே நாலரைக்கே ஆட்டம் தொடங்கிவிடும். ரௌட்டரும் கொஞ்ச நாளாகச் சரியில்லை, அதற்குள் புதிது வாங்கிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா