எங்கள் நாதஸ்வர, தவில் பள்ளிக்கு இடமும் சின்ன நாயனங்களும் வேண்டி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தஞ்சாவூர்
அனுப்புநர்: ஆடுதுறை வட்டாரப் பெற்றோர்

ஐயா, வணக்கம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாதஸ்வரமும் தவிலும் சொல்லித்தர நாங்களே சேர்ந்து ஒரு பள்ளி நடத்துகிறோம். பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை, எந்தச் சாதிப் பிள்ளையும் வரலாம். இப்போது இரண்டாம் வருடம். முதல் வருடம் ஆசையில் ஓடிவிடும், இரண்டாம் வருடம்தான் பிள்ளைகள் நின்றுபோகிறார்கள், அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

பெரிய சிக்கல் வாத்தியம். வயதான வித்வான்கள் அன்போடு கொடுத்தவை எல்லாமே பாரி நாயனம் என்னும் பெரிய நாதஸ்வரம், இரண்டரை அடி நீளம். எட்டு வயதுப் பையன் ஊதினால் சத்தம் வருகிறது, ஆனால் விரல் கீழ்த் துளைக்கு எட்டாது, எட்டினாலும் துளை முழுசாக மூடாது, காற்று கசிந்து சுரம் பிசிறடிக்கும், அவன் தன்னால் முடியாது என்று நினைத்துக்கொள்கிறான். அந்த வயதுக்குக் குட்டையான திமிரி நாயனம்தான் சரி. அதைச் செய்யும் ஆசாரிகள் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டையில் இருக்கிறார்கள். 2022-இல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மாவட்டமே பெருமைப்பட்டது. அரசு சார்பில் ஐந்தாறு நாயனம் அங்கே செய்யச் சொன்னால் பட்டறைக்கும் வேலை, பிள்ளைகளுக்கும் வாத்தியம். கூடவே வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளிக்கும் ஏதாவது வழி செய்யுங்கள், ஒன்று விரிந்துபோனால் அன்றைய பயிற்சி அதோடு சரி.

அப்புறம் இடம். தவில் சத்தம் வீட்டுக்குள் அடங்காது, பரீட்சை நேரத்தில் அக்கம்பக்கத்தார் கோபப்படுவதும் நியாயம்தான். சமுதாயக்கூடம் கல்யாணம் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கிறது, மாலை ஐந்திலிருந்து ஏழு வரை எங்களுக்குத் திறந்துவிட உத்தரவிட வேண்டும்.

மாவட்ட அரசு இசைப்பள்ளியில் சேர்த்துவிடலாமே என்று கேட்கிறார்கள். அங்கே சேர 12 வயது ஆகியிருக்க வேண்டும், எங்களிடம் வருவது அதற்கும் சிறிய பிள்ளைகள். மூச்சும் விரலும் பழகும் அந்த நாலு வருடத்தைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. சொல்லித்தரும் இரண்டு பேரும் முகூர்த்த நாளில் கச்சேரிக்குப் போனால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரியும், ஆகவே கலை பண்பாட்டுத் துறை வழியாக அவர்களுக்கு மாதம் ஒரு மதிப்பூதியம் கிடைக்கத் தாங்கள் பரிந்துரை செய்ய வேண்டுகிறோம்.

பிள்ளைகளின் பட்டியலும் வாத்தியங்களின் விவரமும் இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பெற்றோர்கள்