லோகோமோட்டிவ் லைப்சிக் கழகத்தின் வரலாற்றைத் தமிழில் வெளியிட நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர்,

வணக்கம். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் படித்தும் வேலை பார்த்தும் வரும் தமிழர் ஒன்பது பேர் சேர்ந்து, அந்நகரின் பழம்பெரும் கால்பந்துக் கழகமான லோகோமோட்டிவ் லைப்சிக்கின் வரலாற்றைத் தமிழில் நூலாக எழுதி வருகிறோம். எழுத்து வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. அதற்காக எங்களில் எவரும் ஊதியம் பெறவில்லை. ஆனால் அச்சுக்கும் பழைய படங்களுக்கும் ஆகும் செலவை எங்களால் மட்டும் தாங்க இயலாது என்பதால் தங்கள் உதவியை நாடி இம்மடலை எழுதுகிறோம்.

லைப்சிக் என்றதும் இன்று பலருக்கு 2009-இல் தோன்றிய ஆர்பி லைப்சிக் அணிதான் நினைவுக்கு வரும். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'லோக்' என்றழைக்கும் நம் கழகமோ நான்காம் நிலைப் போட்டியான ரெகியோனாலிகாவில் ஆடிக்கொண்டிருக்கிறது. இருந்தும், ஜெர்மனியின் முதல் தேசிய வாகையர் பட்டத்தை வென்றது இதன் முன்னோடியான ஃபாவ்எஃப்பே லைப்சிக் அணியே. 1900 ஜனவரியில் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் தொடங்கப்பட்டதும் இதே நகரில்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, 1903 மே 31 அன்று, ஹாம்பர்க்கை ஒட்டிய அல்டோனாவில் ராணுவப் பயிற்சித் திடல் ஒன்றில் கயிறு கட்டி எல்லை வகுத்து அந்த முதல் இறுதியாட்டம் நடந்தது. ஆடத் தகுந்த பந்து உடனே கிடைக்காமல் ஆட்டமே தாமதமாகத் தொடங்கியது. எதிரணி, பிராக் நகரில் ஜெர்மன் பேசுவோர் நடத்திய டிஎஃப்சி பிராக். இடைவேளையில் ஆளுக்கு ஒரு கோல் என்று நின்ற ஆட்டம் 7-2 என்று முடிந்தது. யூதர்கள் பலர் உறுப்பினராயிருந்த அந்தப் பிராக் கழகம், நாஜிகள் நகரைப் பிடித்த 1939-ஆம் ஆண்டிலேயே இல்லாமற் போயிற்று. வென்றவரைப் பற்றி எழுதும்போது தோற்றவருக்குப் பின்னர் நேர்ந்ததையும் எழுத வேண்டும் என்பதில் எங்கள் குழு உறுதியாக இருந்ததால், நூலின் இரண்டாம் இயல் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பிறகு 1906-இலும் 1913-இலும் பட்டம் வந்தது. நகரின் தென்கிழக்கே புரோப்ஸ்ட்ஹைடா பகுதியில், 1813-ஆம் ஆண்டுப் பெரும்போரின் நினைவுச் சின்னத்துக்கு அருகில், 1922-இல் கழகம் தன் சொந்த அரங்கைத் திறந்தது. நாற்பதாயிரம் பேரைக் கொள்ளும் அந்த அரங்கே அக்காலத்தில் ஜெர்மன் கழகமொன்றுக்குச் சொந்தமான அரங்குகளில் மிகப் பெரியது. புருனோ பிளாகே என்ற தொழிலாளர் விளையாட்டு இயக்கத்தவரின் பெயரைத் தாங்கி அது இன்றும் நிற்கிறது. லோக் இன்றும் அங்குதான் ஆடுகிறது. பழைய மரக் கூடத்தில் அமர்ந்து ஆட்டம் பார்த்தால், கோல் விழும்போது ஆயிரம் கால்கள் பலகையைத் தட்டும் ஓசை முதலில் நம் முதுகெலும்பில்தான் கேட்கும்.

எங்களுக்குக் கடினமாக இருந்தது பெயர்களின் கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய கழகங்கள் எல்லாம் கலைக்கப்பட்டன. லைப்சிக் அடங்கிய சோவியத் ஆளுகைப் பகுதியில் பழைய பெயர்களுக்கு அனுமதி இல்லை. புரோப்ஸ்ட்ஹைடா விளையாட்டுக் குழு என்று 1946-இல் மீண்டும் கூடியவர்கள், பிறகு எரிக் சைக்னர், ஐன்ஹைட் ஓஸ்ட், ரொட்டாட்சியோன், எஸ்சி லைப்சிக் என்று அரசு வகுத்த ஒவ்வொரு அமைப்புக்கும் ஏற்பப் பெயர் மாற்றி, கடைசியில் 1966 ஜனவரியில் லோகோமோட்டிவ் ஆனார்கள். கிழக்கு ஜெர்மன் ரயில்வேயின் ஆதரவில் இயங்கியதால்தான் ரயில் இன்ஜினின் பெயர். இத்தனை பெயர்களுக்கு அடியிலும் ஆடியவர்களும் பார்த்தவர்களும் பெரும்பாலும் அதே தெருக்காரர்கள் என்பதை வாசகருக்கு உணர்த்துவதற்காகவே, பெயர்மாற்றங்களைக் காட்டும் ஒரு முழுப்பக்க வரைபடத்தைத் தயாரித்திருக்கிறோம்.

லோக் ஒருமுறைகூடக் கிழக்கு ஜெர்மனியின் வாகையர் ஆனதில்லை. அந்நாட்டுக் கோப்பையை மட்டும் நான்கு முறை வென்றது. 1987 ஏப்ரல் 22 அன்று, ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதியில், பிரான்சின் போர்தோ அணியைப் பெனால்டியில் 6-5 என்று வீழ்த்தியது. எதிரணியின் உதையைத் தடுத்துவிட்டு, வெற்றிக்கான கடைசி உதையைத் தானே அடித்தவர் கோல்காப்பாளர் ரெனே முல்லர். கூட்டம் 73,000 என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆட்டம் நடந்த லைப்சிக் மத்திய அரங்கில் அன்று இருந்தவர்களைக் கேட்டால் ஒரு லட்சத்துக்குக் குறைத்துச் சொல்பவர் இல்லை. ஏதென்சில் நடந்த இறுதியாட்டத்தில் மார்கோ ஃபான் பாஸ்டன் அடித்த ஒரே கோலால் அயாக்ஸ் வென்றது. ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி ஒருவர் அந்தப் பருவத்தின் ஆட்ட நிகழ்ச்சித் தாள்களை ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் வைத்திருந்து எங்களுக்குக் கொடுத்தார். மங்கிய மெல்லிய தாளில், மாற்று ஆட்டக்காரர் இறங்கிய நிமிடங்கள் பென்சிலால் குறிக்கப்பட்டிருக்கின்றன. மடிப்புகளில் தாள் கிழியத் தொடங்கிவிட்டது. இவற்றை முறையாக ஒளிவருடி நூலில் சேர்ப்பதும் தங்களிடம் கேட்கும் தொகையில் அடங்கும்.

இரு ஜெர்மனிகளும் இணைந்த பின் 1991-இல் ஃபாவ்எஃப்பே லைப்சிக் என்ற பழைய பெயருக்குத் திரும்பிய கழகம், 1993-94-இல் ஒரே ஒரு பருவம் முதல் நிலைப் போட்டியான புண்டஸ்லீகாவில் ஆடிக் கடைசி இடத்தில் வெளியேறி, கடனில் மூழ்கி, 2004-இல் இரண்டாம் முறை நொடித்துப் போனது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2003 டிசம்பரில், ரசிகர்கள் லோகோமோட்டிவ் என்ற பெயரில் புதிய கழகத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். ஜெர்மனியில் இத்தகைய கழகம் நம் ஊர்ச் சங்கம் போன்றது: உறுப்பினர் சந்தா கட்டுகிறார், பொதுக்குழுவில் கை தூக்குகிறார். அந்தச் சங்கம் பதினோராம் நிலைப் போட்டியிலிருந்து தொடங்கியது. 2004 அக்டோபர் 9 அன்று, பக்கத்து ஊரான குரோஸ்டொய்பனின் இரண்டாம் அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு 12,421 பேர் வந்தார்கள். இந்த எண்ணிக்கையைச் சீட்டு விற்பனையின் சாதனையாக மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. தங்கள் கழகம் செத்துவிட்டதை ஏற்க மறுத்தவர்களின் வருகைப் பதிவேடு அது.

மறைக்கக் கூடாதவையும் உண்டு. 2006-இல் ஓர் இளையோர் ஆட்டத்தின்போது லோக் ஆதரவாளர் சிலர் நாஜிச் சின்னத்தின் வடிவில் நின்றார்கள். தீவிர வலதுசாரிக் கும்பல்களோடு கழகம் நெடுநாள் போராட வேண்டியிருந்தது. இவ்வியலில் 'ஸ்வஸ்திகம்' என்ற சொல்லைத் தவிர்த்து, ஜெர்மன் சொல்லின் நேர்ப்பொருளான 'கொக்கிச் சிலுவை' என்றே எழுதியிருக்கிறோம். கோலத்திலும் கோயில் வாசலிலும் அந்த வடிவைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டவராக அந்த அரங்கின் வாயிலில் முதல்முறை தயங்கி நின்ற எங்களில் சிலரே இந்த இயலை எழுதினார்கள்.

இன்றைய நிலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். லோக் 2020-இலும் 2025-இலும் தன் பிரிவில் முதலிடம் பெற்றும், மூன்றாம் நிலைக்கு ஏறுவதற்கான தகுதியாட்டத்தில் முறையே ஃபெர்ல், ஹாவெல்சே அணிகளிடம் வாய்ப்பை இழந்தது. முதலிடம் பெற்ற அணியும் இன்னோர் ஆட்டத்தில் வென்றால்தான் ஏற முடியும் என்ற அந்த விதி நியாயமற்றது என்பதே எங்கள் கருத்து. அதே 2020-இல், பெருந்தொற்றால் ஆட்டங்கள் நின்று வருமானம் அற்றபோது, கண்ணுக்குத் தெரியாத எதிரியுடன் ஆட்டம் என்று அறிவித்துக் கழகம் ஒரு யூரோவுக்குச் சீட்டு விற்றது. 1987-இன் கூட்டத்தை மிஞ்ச வேண்டும் என்பது இலக்கு. ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்றன. அந்த விற்பனையைப் பார்த்த பிறகுதான், பெரும் புரவலர் ஒருவரைத் தேடாமல் பலரிடமும் சிறுகச் சிறுகக் கேட்பது என்று எங்கள் குழு முடிவு செய்தது.

ஐந்நூறு பிரதிகள் அச்சிட 3,600 யூரோ, பட உரிமைக்கும் ஒளிவருடலுக்கும் 1,500, வடிவமைப்புக்கும் வரைபடத்துக்கும் 900, தபாலுக்கு 400 என மொத்தம் 6,400 யூரோ தேவை. எங்கள் பங்காக 2,150 யூரோ சேர்த்துவிட்டோம். மீதம் 4,250 யூரோ. ஐந்து யூரோவும் எங்களுக்கு உதவியே. ஜெர்மனியிலுள்ள தமிழ்ப் பள்ளி நூலகங்களுக்கும் தமிழ்நாட்டு, இலங்கைப் பொது நூலகங்களுக்கும் இருநூறு பிரதிகளை இலவசமாக அனுப்புவோம். மின்னூல் எவருக்கும் விலையின்றிக் கிடைக்கும். விரும்பும் நன்கொடையாளர் பெயர் நூலின் இறுதிப் பக்கங்களில் தொகை குறிப்பிடாமல் அச்சாகும்.

பணமாகத் தர இயலாதவர்கள் மெய்ப்புத் திருத்த உதவலாம். குறிப்பாக ஜெர்மன் பெயர்களைத் தமிழில் எழுதும் முறையில் தேர்ச்சியுள்ளவர்கள் எங்களுக்கு மிகவும் தேவை. வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். ஆறு மாதத்துக்குள் தேவையான தொகை சேராவிட்டால், அச்சைக் கைவிட்டு மின்னூலை மட்டும் வெளியிட்டு, செலவானது போக எஞ்சிய பணத்தை அவரவர் தந்த விகிதப்படி திருப்பித் தருவோம். இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பினால் வங்கி விவரமும் பற்றுச்சீட்டும் தங்களை வந்து சேரும்.

இங்ஙனம்,
நூலாக்கக் குழுவினர்,
லைப்சிக்