படுத்தால்தான் கார்டு

பாலக்கோடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்தது. தக்காளி விலை கேட்டிருக்கிறாய். அந்தப் பேச்சே வேண்டாம். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டை 10 லட்சமாக்கிவிட்டால் ஏழைக்குக் கவலையில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதில்தான் எனக்கு உன்னோடு சண்டை.

ஆடியில் மல்லிகாவுக்கு வயிற்றுவலி. சேலத்துக்கு நாலு நடை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, பஸ். ரசீதுகளைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வந்தேன். கூட்டினால் 11,000 சொச்சம். பித்தப்பையில் கல் என்று தெரிந்து அட்மிட் ஆன பிறகுதான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாய் திறந்தது. ஆபரேஷனுக்கு ஒரு பைசா கேட்கவில்லை, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வட்டிக்கு வாங்கியது அந்த 11,000-த்தை!

இந்தக் காப்பீடு 2009-ல் 1 லட்சம் என்று தொடங்கியது, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்து 5 லட்சமானது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுகிறது. உச்சவரம்பை எவ்வளவு ஏற்றினாலும், தினம் போடும் மாத்திரைக்கு அது எப்படி எட்டும்?

தாய்லாந்தில் 2001-ல் 30 பாத் திட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு தடவை போனால் 30 பாத், அவ்வளவுதான். பதிவு செய்த தலைக்கு இவ்வளவு என்று வரிப்பணத்திலிருந்து உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு வெளிநோயாளிச் செலவை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். நோய் முற்றினால் ஆஸ்பத்திரிக்கும் லாபமில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், உன் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தானே 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கினார்கள்? எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் வருகிறாள். திண்ணையில் உட்கார்ந்து அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறாள், சர்க்கரை மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறாள். அம்மா வளையலைக் கழற்றி வைத்துக்கொண்டு காலையிலிருந்தே காத்திருப்பாள். மருந்துகளை மாநில அரசின் மருத்துவப் பணிகள் கழகம் 1995-லிருந்து மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது, அதனால் விலையும் கொஞ்சம்தான். புதுப் பணம் வந்தால் முதலில் இதற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்கேனுக்கும் போகட்டும் என்கிறேன். பிரீமியம் அப்புறம்.

வரி கூடுமே என்பாய். கூடட்டும். கந்துவட்டியைவிட அது குறைவுதான்.

அம்மா உன்னைக் கேட்டாள். "சேகருக்குச் சர்க்கரை எவ்வளவாம்?" பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
முருகேசன்