சீனியில்லாச் சோடாவை விடப் பார்க்கும் தம்பிக்கு

அன்பின் தம்பிக்கு,

சென்ற கிழமை முறிகண்டிப் பிள்ளையாரடியில் நீர் பேருந்தை நிறுத்தியபோது, உமது ஆசனத்தருகே மூன்று வெறும் சோடாப் போத்தல்கள் கிடந்ததைக் கண்டேன். நான் கேட்குமுன்பே, "அண்ணை, இதில சீனி இல்லை" என்று போத்தலைத் திருப்பிப் பச்சை வட்டத்தைக் காட்டினீர். பிறகு குரலைத் தாழ்த்தி, விடப் பார்த்தும் முடியவில்லை என்றீர். புறப்படும் நேரமாகிவிட்டதால் அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2016 ஆகஸ்ட் முதல் நமது இலங்கையின் மென்பானப் போத்தல்களில் இடப்படும் அந்த வட்டம், 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைவாகச் சீனி இருந்தால் பச்சையாகவும் 11 கிராமைத் தாண்டினால் சிவப்பாகவும் இருக்கும். தகப்பனார் சலரோகத்தோடு படும் பாட்டைப் பார்த்து நீர் சிவப்பை விட்டுப் பச்சைக்கு வந்தது நல்ல முடிவுதான். ஆனால் அந்த வட்டம் சீனியை மட்டுமே அளக்கிறது. அந்தச் சோடாவில் உம்மைப் பிடித்து வைத்திருக்கும் கஃபீன் என்ற ஊக்கப்பொருளைப் பற்றியோ, வண்டி ஓடும் நேரமெல்லாம் மிடறு மிடறாகக் குடிப்பதால் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கும் அமிலத்தைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது.

புற்றுநோய் வரும் என்று யாரோ பயமுறுத்தியதாகவும் சொன்னீர். சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டியான அஸ்பார்டேமை, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2023 ஜூலையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயப் பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்ற பழைய எல்லை அப்போதும் மாற்றப்படவில்லை. அந்தப் பயத்தை விட்டுவிடும். பயத்தில் விட்ட பழக்கம் பயம் தெளிந்ததும் திரும்பி வந்துவிடும்.

நானும் ஒருமுறை, பங்குனி வெயிலில், ஒரே நாளில் அடியோடு நிறுத்தினேன். மறுநாள் மத்தியானம் நெற்றியின் இரு பக்கமும் இடிக்கத் தொடங்கியது. கணக்கேட்டில் எழுதிய எண்களை இரண்டு தடவை கூட்டியும் சரிவரவில்லை. பிரஷர் ஏறிவிட்டதென்று பயந்து பனடோல் போட்டேன், பின்னேரம் கடைக்குப் போய் ஒரு போத்தலைத் திறந்தேன், அரை மணி நேரத்தில் இடி அடங்கியது. அப்போதுதான் விளங்கியது, அது நோயல்ல, கஃபீன் கேட்ட கேள்வி. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் அந்தத் தலையிடியும் தூக்கக் கலக்கமும் சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட நீடிக்கும். ஐம்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு ஏ-9 வீதியில் ஓடும் உமக்கு அது ஆகாது. ஆகவே திடீரென நிறுத்த வேண்டாம்.

முதலில் பின்னேரப் போத்தலை விடும், ஏனென்றால் ஆறு மணிக்குக் குடித்த கஃபீனில் ஏறத்தாழப் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும், அதுவே உமது தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் காலைப் போத்தலைக் கேட்க வைக்கிறது. ஒரு கிழமை கழிந்ததும் மத்தியானப் போத்தலில் பாதியைக் குறைத்துக்கொள்ளும். காலைப் போத்தலைக் கடைசியில் பார்ப்போம். வேண்டுமானால் அதற்குப் பதிலாக ஒரு பிளேன்ரீ குடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூநகரிச் சவர்த் தண்ணீரில் வளர்ந்த உமக்குத் தண்ணீர் என்றாலே வாய்க்குப் பிடிப்பதில்லை, அதனால்தான் தாகத்துக்கும் சோடாவைத் தேடுகிறீர். சுத்திகரித்த தண்ணீரைப் போத்தலில் நிரப்பித் தேசிக்காய் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு ஆசனத்தருகே வையும். கை நீளும் இடத்தில் அது இருக்க வேண்டும். சோடாப் போத்தல் அங்கே இருக்கவே கூடாது.

வெள்ளிக்கிழமை வவுனியாவிலிருந்து வரும்போது, மாங்குளம் தாண்டியதும் நடத்துநரை எனக்கு ஒரு அழைப்பு எடுக்கச் சொல்லும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்ட மோரைச் செம்பில் எடுத்துக்கொண்டு பிள்ளையாரடியில் நிற்பேன்.

அன்புடன்,
அண்ணை