கைதானவரின் பெயரை எழுதிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 ஒக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலியச் சிறைகளில் இருக்கும் பலஸ்தீனக் கைதிகளைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவினர் பார்க்க முடியாதிருப்பதாக வாசிக்கிறோம். காஸாவில் பிடித்துவைக்கப்பட்ட பணயக்கைதிகளையும் அவர்களால் போய்ப் பார்க்க முடியவில்லை. இப்படியான செய்தியைக் காணும்போதெல்லாம் என் அலுமாரியில் இருக்கும் ஒரு தாள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

1996 ஜனவரி 31இல் கொழும்பில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குப் பின் ஓர் இரவு, சுற்றிவளைப்பில் என் தம்பியைக் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். "விசாரித்துவிட்டு விடிய விட்டுவிடுவோம்" என்றார்கள். ஒரு துண்டுகூடத் தரவில்லை. அடுத்த நாள் ஒரு பொலிஸ் நிலையத்தில் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள். இன்னொன்றில் புத்தகத்தைத் திறக்காமலே கையை விரித்தார்கள். அம்மாவும் நானும் சோற்றுப் பார்சலோடு 19 நாள் அலைந்தோம். பார்சல் ஒவ்வொரு நாளும் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

20ஆம் நாள் செஞ்சிலுவைக் கடிதம் வந்தது. ஒட்டாத தாள், குடும்ப விஷயம் தவிர வேறெதுவும் எழுதக்கூடாது. "நான் சுகம். அம்மா கண்ணுக்கு மருந்து விடுறாவா?" ஒரு வரியைக் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். தம்பி சின்ன வயதிலிருந்தே எழுத்துக்குக் குற்றுப் போட மறப்பவன். அம்மா குற்றில்லாத அந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அது அவன் கை என்று நம்பினார். செஞ்சிலுவையிலிருந்து வெளியாள் ஒருவர் நேரில் கண்டு பெயரை எழுதிக்கொண்டு போன பின்னர் அடி குறைந்தது என்று தம்பி பிறகு சொன்னான். 14 மாதம் கழித்து, குற்றப்பத்திரம் எதுவும் இல்லாமலே விட்டார்கள்.

பெயர் பதிந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. 1983இல் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளும் பதிவில் இருந்தவர்கள்தான். ஜூலை 25ஆம் திகதி 35 பேர் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களை அதே சிறை வளவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 27ஆம் திகதி இன்னும் 18 பேர் கொல்லப்பட்டார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. பூட்டிவைத்தவர்தான் அந்த உயிருக்குப் பொறுப்பு. இலங்கை 1959இலேயே ஏற்ற நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் பிடிபட்டவரை மனிதராக நடத்தச் சொல்கிறது. அது அரசுக்கும் பொருந்தும், ஆயுதக் குழுவுக்கும் பொருந்தும். இயக்கங்களின் சிறைகளில் கிடந்தவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தடுத்துவைக்கும் உச்சக் காலம் 2022இல் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. நல்லது. ஆனால் எனக்குப் பயம் முதல் சில நாட்களை நினைத்துத்தான். அந்தச் சட்டத்தில் கைதானவர் பற்றி மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று அந்த ஆணைக்குழுவை அமைத்த 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வீட்டு வாசலில் நிற்கும் தாய்க்கு அது போதாது. யார் கைது செய்தார், எங்கே கொண்டுபோகிறார் என்று எழுதிய பற்றுச்சீட்டை அந்த இடத்திலேயே கொடுக்க வேண்டும். கொடுக்காத அதிகாரிக்குத் தண்டனை வேண்டும். செஞ்சிலுவைக் குழு முன்னறிவித்தல் இல்லாமல் எந்தத் தடுப்பு இடத்துக்குள்ளும் போகலாம் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.

அம்மா இப்போது இல்லை. தாளை நான்தான் வைத்திருக்கிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலான புதிய சட்டம் பற்றிப் பாராளுமன்றக் குழு எதுவும் பொதுமக்களைக் கேட்டால், அதைக் கொண்டுபோய்க் காட்டுவேன்.

வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13